சாவித் துவாரத்தின் வழியே ஓர் அறுவை

பித்தப்பையில் கல் என்று மருத்துவமனைக்குச் சென்றவரின் வயிற்றை, முன்னாளில் விலா எலும்பின் ஓரமாக ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்குக் கீறியே சிகிச்சை செய்தனர். பித்தப்பையோ ஒரு சிறு கத்தரிக்காய் அளவுதான். அதனை அறுத்தெடுக்கும் வேலையும் இரண்டு மூன்று அங்குல இடத்துக்குள் முடிந்துவிடும். பின் ஏன் அத்தனை பெரிய கீறல்? மருத்துவரின் கண் உள்ளே பார்க்கவும், கை உள்ளே செல்லவும் ஒரு வாசல் வேண்டியிருந்தது. அவ்வளவே. அறுவைக்குப் பின் நோயாளி நாட்கணக்கில் படுத்துக் கிடந்து வேதனைப்பட்டது பெரும்பாலும் அந்த வாசலினால்தான்.

இன்று அதே பித்தப்பையை அரை அங்குலத்துக்கும் குறைவான மூன்று நான்கு துளைகளின் வழியே எடுத்துவிடுகின்றனர். நோயாளி ஓரிரு நாட்களில் வீடு திரும்புகிறார். 'சாவித் துவார அறுவை' என்று செய்தித்தாள்கள் இதற்குப் பெயர் சூட்டியுள்ளன. லேப்பராஸ்கோப்பி என்பது மருத்துவர் வழக்கு. மருத்துவர் ஒருவர் இதைப் பற்றி எழுதினால் நோயையும் சிகிச்சையையும் எழுதுவார். இயற்பியல் பயில்வோர் நோக்க வேண்டியது கருவியை. இக்கருவிகளின் உள்ளே இருப்பவை நாம் வகுப்பில் படித்த வடிவ ஒளியியலும், பள்ளியிலேயே படித்து மறந்த நெம்புகோல் தத்துவமுமே ஆகும்.

கண், இடம், கை ஆகிய மூன்றுக்கும் கருவி வேண்டும். முதலில் கண்ணைப் பார்ப்போம்.

உள்ளே பார்க்கும் குழாய்

உடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஆசை பழையது. 1806-இல் பிராங்க்பர்ட் நகர மருத்துவர் பிலிப் போட்சினி மெழுகுவர்த்தி ஒளியைக் கண்ணாடியால் திருப்பி உடலுக்குள் செலுத்தும் ஒரு கருவியை அமைத்தார். 1879-இல் மாக்ஸ் நிட்சே என்னும் ஜெர்மானிய மருத்துவர், வியன்னாவின் கருவி வினைஞர் யோசப் லைட்டருடன் சேர்ந்து சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயைச் செய்தார். விளக்கு எது தெரியுமா? மின்சாரத்தால் பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பி! அது உடலைச் சுட்டுவிடாமல் இருக்க அதனைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளியின் மனநிலையை நினைத்துப் பார்க்கவும் அச்சமாக இருக்கிறது.

நிட்சேயின் குழாயில் ஒரு புதுமை உண்டு. குழாயின் முனையில் ஒரு லென்ஸ் பிம்பத்தை உண்டாக்கும். அடுத்த லென்ஸ் அப்பிம்பத்தை எடுத்துச் சற்றுத் தள்ளி மீண்டும் உண்டாக்கும். அதற்கடுத்தது மேலும் தள்ளும். தீயணைக்க வரிசையில் நின்று வாளி கைமாற்றுவது போலப் பிம்பம் கைமாறிக் கண்ணுக்கு வந்து சேரும். இந்த அமைப்பே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் மாறாமல் இருந்தது. ஆனால் வந்து சேர்ந்த பிம்பம் மங்கலானது. மருத்துவர் இருட்டறையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பழகிப் பழகியே அதனைப் பார்த்தார். அதனைப் புகைப்படம் எடுக்கப் போதிய ஒளி இல்லை.

இந்த இடத்தில்தான் ஹெரால்டு ஹாப்கின்ஸ் வருகிறார். 1918-இல் லண்டனின் ஏழ்மை மிக்க பகுதி ஒன்றில் பிறந்து, லெஸ்டரில் படித்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒளியியல் கற்பித்தவர். மருத்துவத்துக்கும் அவருக்கும் எத்தொடர்பும் இல்லை. 1951-இல் ஒரு விருந்தில் பக்கத்தில் அமர்ந்த மருத்துவர், வளையாத குழாயை நோயாளியின் தொண்டை வழியே வயிற்றுக்குள் செலுத்தும் கொடுமையைப் பற்றிக் கூறினார். அதனைக் கேட்ட ஹாப்கின்ஸ், மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்து, முழு அக எதிரொளிப்பினால் பிம்பத்தை வளைத்துக் கொண்டுசெல்ல முடியும் என்று முயன்றார். அந்த முயற்சியில் அவருடன் உழைத்த ஆராய்ச்சி மாணவர் பஞ்சாபைச் சேர்ந்த நரீந்தர் சிங் கபானி. இருவரும் எழுதிய கட்டுரை 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 1957-இல் அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்னும் மருத்துவர் இழைக்கட்டு கொண்ட குழாயைச் செய்து, முதலில் தாமே விழுங்கிச் சோதித்தார்.

இழைக்கட்டு வளையும், ஆனால் அது காட்டும் படம் புள்ளி புள்ளியாக அமைந்தது. இழை ஒவ்வொன்றும் ஒரு புள்ளி; அதற்கு மேல் நுட்பம் கிடையாது. வயிற்றைத் துளைத்துச் செய்யும் அறுவைக்கு வளைய வேண்டிய தேவை இல்லை, தெளிவே தேவை. லிவர்பூல் நகரைச் சேர்ந்த சிறுநீரக அறுவை மருத்துவர் ஜிம் கோவ், சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் படம் பிடிக்க விரும்பி, முடியாமல் ஹாப்கின்ஸை நாடினார். ஹாப்கின்ஸ் பழைய குழாயைக் கணக்கிட்டுப் பார்த்தார். குறை தொழிலாளியின் கைத்திறத்தில் இல்லை, வடிவமைப்பிலேயே இருக்கிறது என்று கண்டார்.

அந்தக் கணக்கைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். ஒரு குழாய் எடுத்துச் செல்லும் ஒளியின் அளவு இரண்டைப் பொறுத்தது. ஒன்று, பிம்பத்தின் பரப்பு. இது ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதம். மற்றது, அடுத்த லென்ஸ் திரட்டும் ஒளிக்கூம்பின் திண்மக் கோணம்; இதுவும் லென்ஸின் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதம். இரண்டையும் பெருக்கினால் ஒளியின் அளவு ஆரத்தின் நான்மடிக்கு நேர்விகிதம் என்றாகிறது. ஆரம் பாதியானால் ஒளி பதினாறில் ஒன்றாகிவிடும்! ஆகவே குழாய்க்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை இழப்பதும் சிறு இழப்பாகாது.

பழைய குழாயில் அந்த இழப்பு எங்கே நேர்ந்தது? லென்ஸுகள் சிறு வில்லைகள். அவற்றிடையே நீண்ட காற்றிடைவெளி. மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மெல்லிய வில்லை ஒன்றைக் குழாய்க்குள் சாயாமல் நிறுத்துவது எளிதன்று. ஒரு நாணயத்தைக் குழாயில் போட்டுப் பாருங்கள், சாய்ந்துவிடும். எனவே வில்லையின் இருபுறமும் உள்குழாய்களை வைத்து நெருக்கிப் பிடித்தனர். அந்த உள்குழாயின் சுவர்க் கனமே ஒளியின் பாதையைத் தின்றது.

ஹாப்கின்ஸ் கண்ணாடியையும் காற்றையும் இடம் மாற்றினார். காற்று இருந்த நீளத்தையெல்லாம் கண்ணாடித் தண்டுகளால் நிரப்பினார். தண்டுகளுக்கிடையே மட்டும் மெல்லிய காற்றிடைவெளி விட்டார். தண்டுகளின் முனைகளை வளைவாகத் தீட்டியதால் அக்காற்றிடைவெளியே லென்ஸாக வேலை செய்தது. கண்ணாடி லென்ஸும் காற்றுக் குழாயும் இருந்த இடத்தில் காற்று லென்ஸும் கண்ணாடிக் குழாயும்! நீண்ட தண்டு குழாய்க்குள் தானாகவே நேராக நிற்கும். நாணயத்துக்குப் பதிலாகப் பென்சிலைப் போட்டது போல. ஆகவே உள்குழாய்கள் தேவையில்லை, ஆரம் கூடியது. மேலும் ஒளி கண்ணாடிக்குள் செல்வதால் அதன் ஒளிவிலகல் எண்ணின் இருமடி அளவுக்கு, அதாவது 1.5-இன் இருமடியாகிய 2.25 மடங்கு, ஒளி கூடுதலாகக் கிடைத்தது. உள்குழாய் நீங்கியதால் ஆரம் 1 மி.மீ.-இலிருந்து 1.4 மி.மீ. ஆனது என்று வைத்துக்கொண்டால், 1.4-இன் நான்மடி ஏறத்தாழ 3.8. அதனை 2.25-ஆல் பெருக்க எட்டரை மடங்குக்கு மேல் வருகிறது. விளக்கை மாற்றவில்லை, குழாயைப் பெரிதாக்கவும் இல்லை.

இன்னொரு கசிவும் இருந்தது. கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளி எதிரொளித்து வீணாகும். நாற்பது பரப்புகள் இருந்தால் 0.96-ஐ நாற்பது முறை பெருக்கிப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கே மிஞ்சும். பரப்புகளின்மேல் எதிரொளிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சிட்டு, இழப்பை அரை விழுக்காடாகக் குறைத்தால் ஐந்தில் நான்கு பங்கு கண்ணுக்கு வந்து சேரும்.

1959-இல் ஹாப்கின்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பல நிறுவனங்களை நாடினார், வாங்குவார் இல்லை. எண்பது ஆண்டுகளாக விற்றுவந்த பொருளை ஏன் மாற்ற வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். 1965-இல்தான் ஜெர்மனியின் டட்லிங்கன் ஊரில் கருவிகள் செய்துவந்த கார்ல் ஷ்டோர்ஸ் இதன் அருமையை உணர்ந்தார். அவரிடம் ஏற்கெனவே மற்றொரு நல்ல யோசனை இருந்தது. சுடும் விளக்கை உடலுக்கு வெளியே வைத்துவிட்டு, ஒளியை மட்டும் கண்ணாடி இழைகளின் வழியே உள்ளே அனுப்பும் 'குளிர் ஒளி' 1960-லேயே அவர் கையில் இருந்தது. ஒளியை உள்ளே அனுப்ப இழை, பிம்பத்தை வெளியே கொணரத் தண்டு. இவ்விரண்டையும் ஒரே குழாயில் சேர்த்த கருவி 1967-இல் வெளிவந்தது. ஹாப்கின்ஸுக்கு ராயல் சொசைட்டியின் ரம்போர்டு பதக்கம் 1984-இல் கிடைத்தது. ரீடிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர் 1994-இல் மறைந்தார். இன்றும் உலகெங்கும் வளையாத உள்நோக்கிகள் பெரும்பாலும் அவர் அமைப்பையே தழுவியவை. குறை ஒன்று உண்டு: கண்ணாடித் தண்டு அல்லவா, கீழே போட்டால் உடைந்துவிடும்.

வயிற்றுக்குள் இடம்

வயிற்றின் சுவர் குடலின்மேல் ஒட்டிக் கிடக்கிறது. குழாயை விட்டாலும் பார்ப்பதற்கு இடைவெளி இல்லை. ஆகவே வாயுவை நிரப்பி வயிற்றைக் கூடாரம்போல் எழுப்புகின்றனர். 1901-இல் கெயார்க் கெல்லிங் என்பவர் நாயின் வயிற்றில் காற்றை நிரப்பிச் சிறுநீர்ப்பைக் குழாயினாலேயே உள்ளே பார்த்துக் காட்டினார். 1910-இல் ஸ்டாக்ஹோமில் யாக்கோபேயஸ் மனிதரிடம் செய்தார். இப்போது கரியமில வாயுவே வழக்கில் உள்ளது. அது எரியாது, எரிதலுக்கு உதவவும் உதவாது. ஆகவே மின்சூட்டினால் இரத்தக் குழாய்களைத் தீய்க்கும்போது ஆபத்தில்லை. இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சின் வழியே வெளியேறியும் விடும். அழுத்தம் 12 முதல் 15 மி.மீ. பாதரச அளவு. அதற்கு மேற்பட்டால் இரத்த ஓட்டமும் மூச்சும் தடைப்படும்.

வாயுவை உள்ளே விடும் முதல் துளையே ஆபத்தான துளை. கண்ணால் காணாமல் குத்த வேண்டும். உடனே கீழே குடல் இருக்கிறது. இதற்குப் பயன்படும் ஊசியை ஹங்கேரிய மருத்துவர் யானோஷ் வெரெஸ் 1938-இல் வெளியிட்டார்; காசநோயாளிகளின் நெஞ்சறையில் காற்றுச் செலுத்துவதற்காக அவர் அதனை அமைத்திருந்தார். கூரிய ஊசிக்குள் மழுங்கிய முனையுள்ள ஓர் உள்ளூசி, பின்னால் சுருள்வில். கெட்டியான சுவரைக் குத்தும்போது எதிர்ப்பினால் உள்ளூசி பின்வாங்க, கூர்முனை வேலை செய்யும். சுவரைக் கடந்த கணமே எதிர்ப்பு நீங்க, சுருள்வில் மழுங்கிய முனையை முன்னே தள்ளிக் கூர்மையை மறைத்துவிடும். மின்சாரம் இல்லை, கணிப்பொறி இல்லை, ஒரு சுருள்வில்தான். எளிமையில் இதனை மிஞ்சிய கருவி இத்துறையில் இல்லை என்பது என் எண்ணம்.

கீல் நகரப் பெண்நோய் மருத்துவர் குர்ட் செம், வாயுவின் அழுத்தத்தைத் தானே கட்டுப்படுத்தும் இயந்திரத்தையும், உள்ளே முடிச்சுப் போடும் வழிகளையும் வகுத்தார். 1980-இல் அவர் துளைகளின் வழியே குடல்வாலை எடுத்தபோது, அவரைப் பணியிலிருந்து விலக்க வேண்டும் என்ற குரல்கூட எழுந்தது. 1985-இல் எரிக் மூஹே என்னும் ஜெர்மானியர் முதன்முதலாகப் பித்தப்பையை இம்முறையில் எடுத்தார். அவரையும் தொடக்கத்தில் மதித்தவர் சிலரே. காட்சியைத் தொலைக்காட்சித் திரையில் காட்டும் சிறு காமிரா வந்தபின், அறையில் உள்ள அனைவரும் ஒன்றாகப் பார்க்க முடிந்தது, எதிர்ப்பும் அடங்கியது. இந்தியாவில் 1990-இல் மும்பை மருத்துவர் டெஹம்டன் உட்வாடியா இவ்வகையில் முதல் பித்தப்பை அறுவையைச் செய்தார்.

கையின் துன்பம்

கண்ணுக்குக் கிடைத்த நன்மை கைக்குக் கிடைக்கவில்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய செருப்புப் பெட்டி ஒன்றின் மூடியில் சிறு துளையிட்டு, ஒரு நீண்ட பின்னலூசியை நுழைத்து, பெட்டிக்குள் உள்ள பட்டாணியைத் தொட முயலுங்கள். கை வலப்புறம் சென்றால் முனை இடப்புறம் செல்லும். கை எழுந்தால் முனை தாழும். துளையே நெம்புகோலின் ஆதாரப் புள்ளி. அதுமட்டுமன்று. 36 செ.மீ. நீளமுள்ள கருவியில் 12 செ.மீ. உள்ளே இருந்தால் முனை, கை நகர்ந்ததில் பாதியே நகரும். 24 செ.மீ. உள்ளே சென்றால் இருமடங்கு நகரும். கையின் சிறு நடுக்கமும் இரட்டிப்பாகும். கருவி உள்ளே போகப் போகக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. மேலும், தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஏழு வகையில் இயங்கும் நம் கை இங்கே நான்கு வகை அசைவுக்குள் அடங்கிவிடுகிறது: முன்பின், சுழற்சி, இரு திசைச் சாய்வு. கையில் மணிக்கட்டே இல்லாத ஒருவர் ஊசியில் நூல் கோப்பதுபோல என்று கொள்ளலாம்.

பற்றும் உணர்ச்சி மறைவது இன்னும் பெரிய துன்பம். கைப்பிடியை அழுத்தினால் 5 மி.மீ. குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பி நகர்ந்து, முனையில் உள்ள தாடைகளை மூடுகிறது. தாடையின் நீளம் 20 மி.மீ., அதனை இயக்கும் நெம்புகரம் 2 மி.மீ. என்று கொண்டால், தாடை முனையில் கிடைக்கும் விசையைப் போலப் பத்து மடங்கு விசை கம்பியில் வேண்டும். அத்தனை விசையும் சிறு சிறு ஆணிகளின்மேல் விழுவதால் உராய்வும் அதற்கேற்பக் கூடும். மருத்துவர் விரலில் உணர்வது குடலின் மென்மையையா, ஆணியின் உராய்வையா? பிரித்தறிய இயலாது. மெதுவாகப் பிடித்தால் நழுவும், இறுகப் பிடித்தால் நசுங்கும். ஹாலந்தின் டெல்ப்ட் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 1990-களில் இதற்கு ஒரு வழி கண்டனர். ஆணியில் வழுக்கிச் சுழலும் மூட்டுகளுக்குப் பதிலாக, ஒன்றன்மேல் ஒன்று உருளும் மூட்டுகளை அமைத்தனர். வழுக்கும் உராய்வைவிட உருளும் உராய்வு மிகக் குறைவு என்பது முதலாண்டுப் பாடம்.

கண்ணுக்குத் தெரியாத மற்றொரு ஆபத்து, மின்சூட்டுக் கருவியின் மேலுறை. அதில் சிறு கீறல் இருந்தால் மின்சாரம் வழியிலேயே கசிந்து குடலைச் சுடும். காமிராவோ முனையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறது. மீண்டும் மீண்டும் கழுவி, ஆவியில் வேகவைத்து, ஒரே கருவியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தும் நம் நாட்டுக்கு இது கவலைக்குரியது. கருவியைக் கைப்பிடி, உறை, உட்கம்பி என்று கழற்றிக் கழுவுமாறு அமைப்பது அதனால்தான் சிறந்தது. கழற்ற முடியாத நீண்ட குழாய்க்குள் தங்கிய இரத்தத்தை எந்தத் தூரிகையும் முழுவதும் எடுக்காது.

கைப்பிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்தரிக்கோல் போன்ற வளையத்தில் கட்டைவிரலை நுழைத்து மணிக்கணக்கில் அழுத்துவதால் விரல் நரம்பு நசுங்கி மரத்துப்போவதாக மருத்துவர்கள் முறையிட்டனர். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் 726 லேப்பராஸ்கோப்பி மருத்துவர்களைக் கேட்டபோது, ஆறரையும் அதற்குக் குறைந்த கையுறை அளவும் உடையோர் கருவிகளைக் கையாள அதிகத் துன்பப்படுவது தெரியவந்தது. சிறிய கை என்றால் யார் கை? பெரும்பாலும் பெண்களின் கை. நம் கல்லூரியிலிருந்தே எத்தனை மாணவியரின் தங்கைமார் இன்று மருத்துவக் கல்லூரிகளில் படிக்கின்றனர்! அவர்கள் நாளை அறுவை அரங்கில் நிற்கும்போது, பெரிய ஆண் கைக்கு வார்த்த கைப்பிடியை இரு கைகளாலும் அழுத்த வேண்டிய நிலை ஏற்பட்டால், அதனை அவர்களுடைய திறமைக் குறைவு என்று யாரேனும் சொல்லக்கூடும். அஃது அளவுகோலின் குறை. செருப்புக்குப் பத்து அளவு வைக்கும் உலகம், குடலைப் பிடிக்கும் கருவிக்கு ஓர் அளவோடு நின்றுவிட்டது.

ரோபோவைப் பற்றிக் கேட்பீர்கள். 2000-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற 'டா வின்சி' இயந்திரம், இழந்த மணிக்கட்டை முனையிலேயே மீட்டுக் கொடுத்தது; வல இடக் குழப்பத்தைக் கணிப்பொறி நீக்கியது; நடுக்கத்தை வடிகட்டியது. தொடு உணர்ச்சியை அளக்கும் கருவிகள் அதில் 2024-இல்தான் வந்தன. நம் நாட்டிலும் குருகிராமில் 'மந்திரா' என்னும் இயந்திரம் செய்யப்படுகிறது. எல்லாம் நன்றே. ஆனால் விலை கோடிக்கணக்கில். தாலுகா மருத்துவமனையின் வாசலை அது எப்போது மிதிக்கும்?

அந்த மருத்துவமனைகளை நினைத்துச் செய்யப்பட்ட கருவி ஒன்றுடன் நிறுத்திக்கொள்கிறேன். கரியமில வாயுவைப் பயன்படுத்த வேண்டுமானால் வாயு உருளையும், அழுத்த இயந்திரமும், முழு மயக்கம் தரும் வல்லுநரும் வேண்டும். கிராமங்களில் மூன்றும் அரிது. வயிற்றின் சுவரை வாயுவால் தள்ளுவதற்குப் பதிலாக வெளியிலிருந்து தூக்கினால் என்ன? நாட்டின் கிராமப்புற மருத்துவமனைகளில் நெடுங்காலம் உழைத்த அறுவை மருத்துவர் ஞானராஜ் இம்முறையைக் கையாண்டு பரப்பினார். பின்னர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் இந்திய மருத்துவர்களுடன் சேர்ந்து அதற்கென ஒரு தூக்கியை வடிவமைத்தனர். தொப்புளின் வழியே ஒரு வளையத்தை உள்ளே நுழைத்து, மேசையோடு பொருத்திய கரத்தால் வயிற்றுச் சுவரை மேலே தூக்கி நிறுத்துகின்றனர். வாயு கசியும் கவலை இல்லாததால் அடைப்பான் வைத்த விலையுயர்ந்த துளைக்குழாய்கள் தேவையில்லை. சாதாரண அறுவைக் கருவிகளையே நுழைக்கலாம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரக்கச் செய்தே பல அறுவைகளை முடித்துவிடலாம்.

குறையும் உண்டு. வாயு எல்லாத் திசையிலும் சமமாகத் தள்ளுவதால் வயிறு குவிமாடம்போல் எழும். தூக்கி ஓரிடத்தில் இழுப்பதால் நடுக்கம்பத்தில் தொங்கும் கூடாரம்போலவே எழும். பக்கவாட்டில் இடம் குறுகும். பருத்த உடலினருக்கு இன்னும் கடினம். வளையத்தின் வடிவை எப்படி மாற்றினால் பக்கங்களும் எழும் என்பதே இனி வடிவமைப்போர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.